கவரு பார்க்க எங்கே போவது: வள்ளமா, கடற்கரையா, அந்தமானா?

பங்குனி பிறந்த வாரத்தில் என் மச்சினன் ஒரு வீடியோ அனுப்பினான். இருட்டில் ஒரு படகு, அதைச் சுற்றி நாலைந்து பேர் தண்ணீரில் மிதக்கிறார்கள். கையை அசைத்தால் கையைச் சுற்றி நீல வெளிச்சம், காலை உதைத்தால் காலைச் சுற்றி வெளிச்சம். தண்ணீர் அசையும்போது நுண்ணுயிர்கள் ஒளிர்கிற இதைத்தான் கொச்சிப் பக்கம் கவரு என்பார்கள். பின்னாலேயே ஒரு குரல் செய்தி: “மாமா, இந்த லீவுக்கு இதுதான். ராத்திரி படகுல போறோம், இறங்கி நீந்தறோம். எங்கன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க.”

பார்த்துச் சொல்கிற வேலை எங்கள் குடும்பத்தில் எப்போதும் என் தலையில்தான் விழும். வேலந்தாவளம் சந்தையிலிருந்து கொச்சிக்குப் போகும் காய்கறி லோடுகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். அந்தப் பக்கம் நாலு பேரைத் தெரியும். எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறையில். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் டீக்கடையில் பேச்சு முழுக்கத் தமிழ். ஏப்ரலில் இந்த ஊர் வெயிலை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டாலே எல்லோரும் வண்டியில் ஏறிவிடுவார்கள்.

ஒரு வாரம் விசாரித்ததில் நாலு வழிகள் தேறின. கொச்சிக்குப் பக்கத்தில் கும்பளங்கி. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரக் கடல். அந்தமானில் ஸ்வராஜ் தீவு, அதாவது பழைய ஹேவ்லாக். கடைசியாக அந்த வீடியோ எடுக்கப்பட்ட போர்ட்டோ ரிக்கோ. நாலாவதை மச்சினன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அதைப் படித்தபோதுதான் மற்ற மூன்றையும் எப்படி எடைபோடுவது என்று எனக்குப் பிடிபட்டது. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போர்ட்டோ ரிக்கோ கரீபியன் கடலில் அமெரிக்காவின் ஆளுகையில் இருக்கும் தீவு. வருடம் முழுக்க ஒளிரும் நீர்நிலைகள் அங்கே மூன்று உண்டு. வியேகஸ் என்ற சிறு தீவில் இருக்கும் மஸ்கிட்டோ பே என்ற விரிகுடாதான் உலகிலேயே அதிகமாக ஒளிர்வது என்று கின்னஸில் ஏறியிருக்கிறது. குறுகிய வாய், சுற்றிலும் அலையாத்திக் காடு, உள்ளே வந்த நுண்ணுயிர் சுலபமாக வெளியே அடித்துப் போகாது. ஆனால் அங்கே நீந்தத் தடை. ஃபஹார்தோவில் உள்ள லகுனா கிராந்தேயிலும் தடை. உடம்பில் பூசிய சன்ஸ்கிரீனும் கொசு மருந்தும் தண்ணீரில் கரைந்து அந்த உயிர்களைக் கெடுக்கும் என்பதால் வைத்த கட்டுப்பாடு. மூன்றாவதான லா பர்கேராவில் இறங்கலாம், மோட்டார் படகும் போகலாம். மூன்றில் வெளிச்சம் குறைந்தது எது என்று கேட்டால் எல்லோரும் அதைத்தான் காட்டுகிறார்கள். நன்றாக ஒளிரும் இடத்தில் நீந்த விடமாட்டார்கள், நீந்த விடும் இடத்தில் ஒளி குறைவு. அமெரிக்க விசாவுக்கு அலையும் செலவில் எங்கள் வீட்டு ஓட்டையே மாற்றிவிடலாம் என்பது வேறு கதை.

மச்சினனிடம் முதலில் இதைத்தான் கேட்டேன்: “மாப்ள, உனக்கு நீந்தணுமா, பாக்கணுமா?” இரண்டும் என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தோட்டத்துக் கிணற்றில் மேட்டிலிருந்து குதித்துக் குதித்தே நீச்சல் படித்தவன், எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் சட்டையைக் கழற்றுவான்.

சரி, கும்பளங்கி. இதை நான் இரண்டு முறை பார்க்கப் போயிருக்கிறேன், ஒருமுறைதான் பார்த்தேன்.

அது தற்செயலாக நடந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு மீன மாதத்தில், அதாவது நம் பங்குனியில், லோடு இறக்க நேரமாகிவிட்டதால் அங்கே ஒரு கடைக்காரர் வீட்டில் இரவு தங்க வேண்டி வந்தது. சாப்பாடு முடிந்ததும் “கவரு பூத்திட்டுண்டு, வா” என்று கூப்பிட்டார். எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் தபால் கவர்தான். வீட்டுக்குப் பின்னால் செம்மீன் கெட்டு, அதாவது இறால் வளர்க்கும் வயல். மழைக்காலத்தில் அதே நிலத்தில் பொக்காளி நெல் விளையும். அறுவடை ஆனதும் மதகைத் திறந்து உப்புத் தண்ணீரை உள்ளே விட்டு இறால் வளர்ப்பார்கள். வரப்பில் போய் உட்கார்ந்தோம். கறுப்புத் தண்ணீர், சேற்று வாடை, கொசு. வேறு ஒன்றும் இல்லை. நான் போனை எடுத்து டார்ச் அடித்தேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வெங்காய விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

இருபது நிமிடம் போயிருக்கும். ஒரு மீன் ஓடியது. மீனை நான் பார்க்கவில்லை, அது போன வழியைத்தான் பார்த்தேன். ஈரமான தீப்பெட்டியில் குச்சியை இழுத்தால் ஒரு கோடு மினுக்கிவிட்டு அணையுமே, அந்த மாதிரி தண்ணீருக்கடியில் நீலமாக ஒரு கோடு. கையை விட்டுக் கலக்கினேன். விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது, நகம் வரைக்கும். வெளியே எடுத்ததும் முழங்கை வரை வழிந்த நீரில் ஏழெட்டுப் பொட்டு, ரோமத்தில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக அணைந்தது. கை குளிர்ச்சியாகவே இருந்தது. இத்தனை வெளிச்சத்துக்குச் சூடே இல்லை என்பதை மனசு ஏற்கச் சற்று நேரமானது.

இரண்டாம் முறை போன வருடம், குடும்பத்தோடு. ஒரு ஏஜென்ட் மூலம் தங்கும் இடமும் வள்ளமும் சேர்த்துப் பேசினோம். “கோடையில் எந்த நாளும் தெரியும் சார்” என்றார். போன பிறகு வானத்தைப் பார்த்தால் பௌர்ணமிக்கு முந்தின நாள். கைரேகை தெரிகிற அளவுக்கு நிலா. ஒரு மணி நேரம் வள்ளத்தில் சுற்றிவிட்டுக் கொசுக்கடியோடு திரும்பினோம். என் மகள் மட்டும் “நிலா நல்லா இருந்துச்சுப்பா” என்றாள், என்னைச் சமாதானப்படுத்த. பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு, இயற்கைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. நிலா எப்போது வரும் என்று காலண்டரில் போட்டிருக்கிறதே ஐயா.

கவரு என்று கொச்சிக்காரர்கள் சொல்வது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஒற்றைச் செல் உயிர்களின் வெளிச்சம். இந்த வகையில் பேர் போனது நாக்டிலூகா. பெரிதாக வளர்ந்தால் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் உருண்டை. உள்ளே லூசிஃபெரின் என்ற பொருளும் அதை எரியூட்டும் நொதியும் இருக்கின்றன. தண்ணீர் அசைந்து செல்லின் மேல் அழுத்தம் விழும்போது இரண்டும் சேர்ந்து ஒரு மின்னல், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு. அசையாத தண்ணீர் கறுப்பாகவே கிடக்கும். துடுப்புப் போடுகிற வள்ளம் கரையை விட நல்லது என்பதற்கு இதுதான் காரணம். வள்ளத்தின் மூக்கிலிருந்து இரண்டு பக்கமும் வெளிச்சம் பிரிந்து போகும், துடுப்பை எடுத்தால் அதிலிருந்து சொட்டுகிற ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்தில் வட்டம் போடும்.

கோடையில்தான் பூக்கும், ஏனென்றால் உப்பு வேண்டும். தென்மேற்கு மழை இறங்கிவிட்டால் ஆற்று வெள்ளம் காயலை, அதாவது கடலோர உப்பங்கழியை, நிரப்பி உப்பைக் கடலுக்குத் தள்ளிவிடும். மழை ஓய்ந்து ஆறுகள் இளைத்த பின் கடல் தண்ணீர் மெல்ல உள்ளே ஏறும். மார்ச், ஏப்ரலில் உப்பு உச்சத்தில் நிற்கும். நடுவே ஒரு நல்ல கோடை மழை அடித்தால் அன்று மங்கிவிடும். ஆலப்புழை ஹவுஸ்போட்டில் படுத்துக்கொண்டே இதைப் பார்க்கலாமே என்று மாமியார் கேட்டார். முடியாது அத்தை என்றேன். குட்டநாட்டு வயலுக்குள் உப்பு ஏறக் கூடாது என்று தண்ணீர்முக்கம் தடுப்பணையைக் கோடையில்தான் மூடிவைப்பார்கள். உப்பு வராத இடத்தில் கவருக்கு வேலையில்லை. அப்புறம் ஹவுஸ்போட்டுகள் சாயங்காலமே கரையில் கட்டிவிடும், இரவில் மீனவர்கள் வலை போடுவதால்.

சென்னை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2019 ஆகஸ்ட் 18 இரவு பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் அலை நீலமாக உடைந்தது. 2024 அக்டோபரிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறுபடி தெரிந்தது. படகு வேண்டாம், காசு வேண்டாம், மணலில் நின்றால் போதும். திருவான்மியூரில் இருக்கும் என் மனைவியின் அக்கா 2019-ல் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப் போய்ப் பார்த்தார். ஆனால் அது அங்கே குடியிருப்பவர்களுக்கு விழுகிற லாட்டரி. வாட்ஸ்அப்பில் படம் வந்த பிறகு நாங்கள் பாலக்காட்டு ஜங்ஷனில் ராத்திரி ரயில் ஏறிப் போய்ச் சேர்ந்தால் அலை பழையபடி சாம்பல் நிறத்தில் இருக்கும். நீச்சலா? பெசன்ட் நகர் மணலில் வெள்ளையாக ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறதே, அது 1930-ல் அதே கடலில் மூழ்கிக்கொண்டிருந்தவரைக் காப்பாற்றப் போய் இறந்த கார்ல் ஷ்மிட் என்ற டேனிஷ் மாலுமிக்கு எழுப்பியது. பகலிலேயே இழுக்கிற கடல் அது.

தடா பக்கம் வேலையில் இருக்கும் என் பெரியப்பா மகன் பழவேற்காடு ஏரியைச் சொன்னான். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதன்பின் சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். அதை அத்தோடு விட்டேன்.

அந்தமானைத்தான் நான் உண்மையிலேயே யோசித்தேன். ஸ்வராஜ் தீவில் இரவில் கயாக்கில் அலையாத்திக் காட்டு ஓடைகளுக்குள் அழைத்துப் போகிறார்கள். ஊர் வெளிச்சம் கிடையாது. இன்னொரு வசதி யாரும் பேசாதது: நம் கடிகாரத்தின்படி அங்கே சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். ஏழு மணிக்கே நடுநிசி மாதிரி இருட்டு. கும்பளங்கியில் தெரு விளக்கும் வீட்டு விளக்கும் அடங்கப் பத்து மணி வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் மகள் மடியில் தூங்கிவிடுவாள். வெளிச்சமும் இருட்டும் அந்தமானில்தான் மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கோயம்புத்தூரிலிருந்து ஐந்து பேருக்கு விமானம், பிறகு ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து கப்பல், நாலு நாள் தங்கல். ஒரு அமாவாசை இரவை நம்பி அவ்வளவு பணம் கட்டிவிட்டு அன்றைக்கு மழை பெய்தால் என்ன செய்வது? கடலில் டைவிங்கும் பவளப்பாறையும் பார்க்கப் போகிறவர்கள் அதோடு ஓர் இரவை இதற்கு ஒதுக்கினால் சரியாக இருக்கும். இதற்காக மட்டும் போவதற்கு மனசு வரவில்லை.

அங்கேயும் இறங்கி நீந்தலாம் என்று மச்சினன் நினைத்தால், அலையாத்தி ஓடைகளில் உப்புநீர் முதலை உண்டு. 2010-ல் இதே தீவில் கடலில் ஸ்நார்க்கலிங் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை கொன்றது, அதுவும் பகலில். இதைச் சொன்னதும் மாமியார் அந்தமானைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். இனி அந்தப் பேச்சே எடுக்க முடியாது.

ஆகக் கும்பளங்கி. முதலை இல்லை, விசா இல்லை, குதிரான் சுரங்கம் தாண்டி பாலியேக்கர டோலில் காசைக் கொடுத்தால் நாலைந்து மணி நேரத்தில் போய்விடலாம். மழை வந்தால் போகாமல் அடுத்த அமாவாசைக்கு மாற்றிக்கொள்ளலாம். எங்களைப் போன்ற எல்லைக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். தேதியை மாற்ற முடிகிற இடம்தான் இந்த மாதிரி வேலைக்கு ஒத்துவரும்.

அங்கே நீந்தலாமா? கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன், சிரித்தார். கெட்டு அடுத்தவர் நிலம், இறால் கிடக்கிறது, கால் வைத்தால் முழங்கால் வரை சேறு, சேற்றுக்குள் சிப்பி ஓடு கத்தி மாதிரி. காயலில் என்றால் ஊன்னி வலைக்கு நட்ட கம்பங்களும் சீன வலைகளும். தண்ணீர் வற்றும் நேரத்தில் ஓட்டம் நேராக அந்த வலைக்குள்தான் போகும். கவருக்கு வேண்டிய அதே உப்புதான் கடல்சொறியையும் உள்ளே கொண்டுவருகிறது. நம் ஊரில் ஜெல்லி மீன் என்போம், உரசினால் தோல் பற்றி எரியும். இதெல்லாம் பகலில் கண்ணால் பார்த்து விலகலாம். இருட்டில் மச்சினனின் கிணற்று நீச்சல் எதற்கு ஆகும்? நகரத்துக் கழிவு கலக்கிற காயல் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு வாய் உள்ளே போனாலும் வயிறு காட்டிக்கொடுத்துவிடும்.

எனவே அவனுக்கு ஓர் உடன்பாடு சொன்னேன். வள்ளத்தில் உட்கார்ந்து கையைத் தோள் வரை விட்டுக்கொள். காலையும் தொங்கப் போடலாம், வள்ளக்காரர் சரி என்று சொல்லுகிற இடத்தில். மறுநாள் காலை செராய்க் கடற்கரையில் உயிர்காப்பாளர் பார்வையில் திகட்டும் வரை நீந்து. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், ஆனால் ஒத்துக்கொண்டான்.

நீச்சலை விட எனக்குப் பெரிய கவலை படகுதான். 2023 மே 7-ஆம் தேதி மலப்புறம் மாவட்டம் தானூரில், இருட்டிய பிறகு கிளம்பிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது, அளவுக்கு மேல் ஆள் ஏற்றியது. பள்ளி லீவு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடைசி ட்ரிப். நாங்களும் அந்த மாதிரி ஒரு நாளில்தானே கிளம்புகிறோம். அதனால் பெரிய மோட்டார் படகில் கும்பலாக அழைத்துப் போகிறோம் என்று சொன்ன ஒருவரை விலை குறைவாக இருந்தும் விட்டேன். மோட்டார் படகு கவருக்கும் சரிப்படாது. அதன் விளக்கும் புகையும் போதும், கண் இருட்டுக்குப் பழகவே விடாது. துடுப்பு வள்ளம், ஆழம் குறைந்த ஓடை, எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். மகளின் அளவுக்கு ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டதற்குப் பலர் “ஒண்ணு சரிபண்ணிக்கலாம்” என்றார்கள். பெரியவர்கள் ஜாக்கெட்டைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். அப்படிச் சொன்னவர்களையும் விட்டேன்.

வள்ளமா, வரப்பில் உட்காருவதா என்ற கேள்வியும் வீட்டில் வந்தது. மாமியாருக்கு முழங்கால் வலி, வள்ளத்தில் ஏறி இறங்குவது சிரமம். வரப்பில் செலவு அநேகமாக இல்லை, ஆபத்தும் இல்லை. ஒரு கல்லைப் போட்டாலே வட்டம் பூக்கும். ஆனால் 2019-ல் வந்த ஒரு மலையாளப் படத்துக்குப் பிறகு கூட்டம் இரவில் கெட்டு வரப்புகளை மிதிக்க ஆரம்பித்து, கெட்டுக்காரர்களுக்கு எரிச்சல். தெரிந்தவர் வீட்டுப் பின்பக்கம் இருந்தால் மட்டும் போகலாம். எங்களுக்குக் கடைக்காரர் இருக்கிறார். அத்தை அங்கே நாற்காலி போட்டு உட்காரட்டும், மற்றவர்கள் வள்ளத்தில்.

தேதிக்குக் காலண்டரை எடுத்தோம். சித்திரை அமாவாசையை விடப் பங்குனி அமாவாசை நல்லது, சித்திரையில் இடி மழை வர வாய்ப்பு அதிகம். அமாவாசையன்றே போக வேண்டும் என்றில்லை, முன்னும் பின்னும் மூன்று நாள் தாராளமாக இருட்டு இருக்கும். சனி ஞாயிறைத் தவிர்த்தோம். படம் பிடிக்கும் ஆசை இருப்பவர்களுக்கு ஒன்று: போனில் அநேகமாகக் கறுப்புதான் விழும். வீடியோவில் பார்த்த பளீர் நீலம் கேமராவை நெடுநேரம் திறந்து வைத்து எடுத்தது. கண்ணுக்கு அதைவிட மங்கலாக, சாம்பலும் நீலமும் கலந்ததாகத்தான் தெரியும். நேராக உற்றுப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால் நன்றாகத் தெரிகிறது. இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் மகள் ஏமாந்து போவாள். சொன்னேன். “போன தடவ நிலாவப் பாத்தேன்ல, இது அதவிடக் கம்மியா?” என்று கேட்டாள். அதற்கு எனக்குப் பதில் வரவில்லை.

கடைசியில் கடைக்காரர் ஒரு வயதான வள்ளக்காரரின் நம்பர் கொடுத்தார். கூப்பிட்டேன். தேதியைச் சொன்னதும், மழை பெய்தால் வர வேண்டாம், காலையில் போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்பு என்றார். எத்தனை பேர் என்றார். மூன்று பெரியவர்கள், ஒரு பெண் குழந்தை என்றேன். “அப்போ ரெண்டு வள்ளம்” என்றார், கொஞ்சமும் யோசிக்காமல். ஒன்றில் நாலு பேர் உட்கார முடியாதா என்று வேண்டுமென்றே கேட்டுப் பார்த்தேன். பகலில் உட்காரலாம், ராத்திரியில் ஏற்றமாட்டேன், வேண்டுமானால் வேறு ஆளைப் பார் என்றார்.

அவரிடமே பேசி முடித்தேன். மச்சினனிடம் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றுதான்: “ரெண்டு வள்ளமா? அப்ப ரேஸ் விடலாமா மாமா?”